மட்டனுஸ்காவில் 40 ஏக்கர்

வியாழன்: ஆங்கரேஜ், எக்லூட்னா, பால்மர்

ஆங்கரேஜிலிருந்து கிளென் நெடுஞ்சாலையில் வடகிழக்கே கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் மட்டனுஸ்கா பள்ளத்தாக்கில் இருக்கும் பால்மர் வந்துவிடும். நாங்கள் அரை நாள் எடுத்துக்கொண்டோம். இந்த முறை அலாஸ்காவுக்கு வந்ததே ஒரு காரியத்துக்காகத்தான். 1935இல் மட்டனுஸ்கா பள்ளத்தாக்கில் அரசு கொண்டுவந்து இறக்கிய குடும்பங்கள் எங்கே குடியிருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள், ஏன் அவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போனார்கள் என்று அந்த மண்ணில் நின்று பார்க்க வேண்டும். சியாட்டிலில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கதையோடு ஒரு ஒட்டுதல் உண்டு. மிச்சிகன், விஸ்கான்சின் குடும்பங்கள் கப்பலேறியது எங்கள் ஊர்த் துறைமுகத்தில்தான். மின்னசோட்டாக்காரர்கள் அவர்களுக்கு முன்பே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிவிட்டார்கள். இரண்டு தடவையும் ஏற்றி வந்தது ஒரே கப்பல், செயின்ட் மிஹியேல் என்ற ராணுவக் கப்பல்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அது பெரும் பொருளாதார மந்தக் காலம். அந்த மூன்று மாநிலங்களின் வடபகுதியில் காடு வெட்டித் தீர்ந்து, சுரங்கங்களில் வேலை நின்று, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் நிறைந்த சத்தில்லாத நிலத்தில் மக்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அரசு நிவாரணப் பணம்தான் பல வீடுகளில் உலை ஏற்றியது. அதே நிவாரணத் துறை, ரூஸ்வெல்ட்டின் புதிய திட்டங்களில் ஒன்றாக, 203 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து இங்கே அனுப்பியது. குளிருக்குப் பழகியவர்கள், விவசாயம் தெரிந்தவர்கள், இளவயதுக்காரர்கள் என்று சமூகப் பணியாளர்கள் பார்த்துப் பொறுக்கினார்கள். குடும்பத்துக்கு 40 ஏக்கர் நிலம், ஒரு வீடு, ஒரு கொட்டகை. எல்லாம் கடன்தான். சுமார் 3,000 டாலர், 30 வருடத்தில் அடைக்க வேண்டும்.

வழியில் எக்லூட்னாவில் இறங்கினோம். இங்கே தொடங்காவிட்டால் குடியேறிகளின் கதை பாதிக் கதையாகிவிடும். இது டெனைனா பழங்குடி மக்களின் ஊர். புனித நிக்கலஸ் பெயரிலான சின்ன ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும், அதையொட்டிய இடுகாடும் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லறை மேலும் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி மரவீடு. ஆவி வீடு என்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி வண்ணக் கட்டு. சிலவற்றில் கூரை முகட்டில் பூவேலை செய்த பலகை. பல வீடுகள் சாயம் வெளுத்து மண்ணில் சாய்ந்திருந்தன. அவற்றை யாரும் நிமிர்த்தி வைப்பதில்லை. மட்கி மண்ணோடு போவதுதான் முறை.

பத்திரிகைகள் 1935இல் இந்தப் பள்ளத்தாக்கை ஆளில்லாத காடு என்று எழுதின. ரயில் பாதை, 1918இன் கொள்ளைக் காய்ச்சல், நிலக்கரி தேடி வந்தவர்கள் என்று அடுத்தடுத்து வந்த அடிகளில் டெனைனா மக்களும், கிழக்கே சிக்கலூன் பக்கத்து ஆத்னா மக்களும் குறைந்துபோயிருந்தார்களே தவிர, இல்லாமல் போகவில்லை. மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் காலங்காலமாக அவர்கள் சுற்றிவந்த நிலம்தான் 40 ஏக்கர் துண்டுகளாக அளக்கப்பட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. இனி நான் குடியேறிகளைப் பற்றி மதிப்போடு எழுதப்போவதெல்லாம் இதை மனதில் வைத்துத்தான்.

வெள்ளி: பால்மர் ஊருக்குள்

மழை. ஆகஸ்ட் கடைசியில் இங்கே அப்படித்தானாம். ஃபயர்வீட் செடிகளில் பூ முடிந்து வெள்ளைப் பஞ்சு பறக்கிறது. உச்சிப்பூ உதிர்ந்தால் இன்னும் ஆறு வாரத்தில் குளிர்காலம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், பழைய பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. அந்தப் பள்ளிக்கூடம்தான் இப்போது வட்டார நிர்வாக அலுவலகம். 1935 மே 10 அன்று மின்னசோட்டா குடும்பங்கள் வந்து இறங்கியபோது இங்கே இருந்தது தண்டவாளமும் வரிசையாக வெள்ளைக் கூடாரங்களும்தான். மே 23 அன்று நிலத்துக்குச் சீட்டு எடுத்தார்கள். குடும்பத் தலைவர் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு துண்டுக் காகிதம் எடுப்பார். அதில் இருக்கும் எண்தான் அந்தக் குடும்பத்தின் நிலம். ஒருவருக்கு ஆழமான வண்டல், இன்னொருவருக்குச் சதுப்பு, வேறொருவருக்குச் சரளைக்கல். எடுத்த பிறகு உறவுக்காரர்களும் சிநேகிதர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சீட்டை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு.

கூடார நகரத்தின் இடத்துக்குப் பக்கத்திலேயே, குடியேற்றக் கால வீடு ஒன்றை அன்று இருந்தபடி மீட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் விறகு அடுப்பு. அதன் மேல் இஸ்திரிப் பெட்டி. சன்னலோரம் மிதி தையல் மிஷின். அலமாரியில் கண்ணாடிச் சீசாக்கள். வழிகாட்டிய அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும், இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். பெற்றோர் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள்.

“நீங்க விவசாயக் குடும்பமா?” என்று என்னைக் கேட்டார். தாத்தா காலத்தில் என்றேன். “அப்ப உங்களுக்குப் புரியும். எல்லாரும் வந்து அப்பா எத்தனை ஏக்கர் திருத்தினார்னு கேக்கறாங்க. அம்மா எத்தனை வாளி தண்ணி சுமந்தாங்கன்னு யாரும் கேக்கறதில்ல.”

கிணறு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. முதல் வருடத்தில் கிணறு இல்லாத வீடுகளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்தோ ஓடையிலிருந்தோ தண்ணீர் வர வேண்டும். குளிர்காலத்தில் பனியை உருக்க வேண்டும். ஒரு வாளி பனி உருகினால் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் நிற்கும். கைக்குழந்தையின் துணி அலசுவதற்குக் காலையிலிருந்தே அடுப்பில் பனியைக் கொட்டிக்கொண்டிருப்பார்களாம் அவர் அம்மா. அதைச் சொல்லும்போது அந்த அம்மா தன் கையால் வாளியைச் சாய்ப்பது போலச் செய்தார்.

சீசாக்களைப் பற்றிக் கேட்டேன். மூஸ் என்கிற பெரிய மானின் இறைச்சி, சால்மன் மீன், பட்டாணி, கேரட், காட்டுப் பெர்ரி. கோடை முழுக்கச் சீசாவில் அடைத்துக் கொதிக்கவைத்து மூடுவதுதான் வேலை. ஒரு குடும்பம் ஏழு மாதக் குளிரைத் தாண்ட நூற்றுக்கணக்கில் வேண்டும். பெர்ரி பறிப்பது பிள்ளைகள் வேலை. கரடி நடமாட்டம் உண்டென்பதால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே போவார்களாம்.

முதல் கோடை மோசமாக இருந்தது. மழை, கொசு, சேறு. கூடாரங்களில் தட்டம்மையும் செம்புள்ளிக் காய்ச்சலும் பரவின. குழந்தைகள் இறந்தார்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. வீடு கட்டுவதற்காகக் கலிஃபோர்னியாவிலிருந்து கூட்டிவந்த தொழிலாளர்களுக்கு எந்தப் பொருள் எங்கே வந்து இறங்கியிருக்கிறது என்றே தெரியாத குழப்பம். வீடும் இல்லை, கிணறும் இல்லை, சாலையும் இல்லை என்று குடியேறிகள் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்கள். அதை வைத்து அலாஸ்காவுக்கு வெளியே மற்ற மாநிலப் பத்திரிகைகளில் ‘நன்றிகெட்டவர்கள்’ என்கிற தொனியில் எழுதினார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது கோபம்தான் வருகிறது. பிள்ளைக்கு மருந்து கேட்பவரை நன்றிகெட்டவர் என்று யார் சொல்ல முடியும்? அவர்கள் கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியும் கிணறும் வேகமெடுத்தன. குளிர் இறுகுவதற்குள் பெரும்பாலானவர்கள் கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள்.

மாலையில் ஆயிரம் மரத் தேவாலயத்தைப் பார்த்தோம். குடியேறிகள் தாங்களே மரம் வெட்டி 1936-37இல் எழுப்பியது. சுவர், பீடம் எல்லாமே மரம். உட்காரும் பலகைகளும் பாதியாகப் பிளந்த அடிமரங்கள்தான். இன்னும் வழிபாடு நடக்கிறது. சமையலறையில் யாரோ காபி போட்டு வைத்திருந்தார்கள், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சனி: கொட்டகையும் மண்ணும்

காலையில் வானம் திறந்துவிட்டது. பயனியர் சிகரம் பளிச்சென்று நிற்கிறது, ஊருக்கு நேர் தெற்கே. நாங்கள் பியூட் என்கிற பகுதிக்குப் போய் போடன்பர்க் குன்றில் ஏறினோம். ஒரு மணி நேர ஏற்றம், செங்குத்தான படிகள். உச்சியில் ஒரு பக்கம் நிக் பனியாறு, கீழே சாம்பல் நிறத்தில் பல கிளையாகப் பிரிந்து ஓடும் ஆறு, மறுபக்கம் சதுரம் சதுரமாகப் பண்ணைகள். 40 ஏக்கர் என்பது எவ்வளவு என்று மேலிருந்து பார்த்தால்தான் புரிகிறது.

பள்ளத்தாக்கின் வளத்துக்குக் காரணமும் அங்கிருந்து தெரிகிறது. பனியாறு பாறையை அரைத்து நுண்ணிய வண்டலாக ஆற்றில் விடுகிறது. ஆற்றுப்படுகை காயும்போது காற்று அந்த வண்டலைத் தூக்கி வயல்மேல் தூவுகிறது. இது ஆயிரக்கணக்கான வருடமாக நடக்கும் வேலை. இறங்கி வந்து ஒரு வயலோரத்தில் மண்ணைக் கையில் எடுத்தேன். சலித்த கேழ்வரகு மாவு போல விரலிடுக்கில் வழிந்தது, ஒரு கல் தட்டுப்படவில்லை. அதே காற்று குளிர்காலத்தில் வீட்டுச் சுவரின் இடுக்கு வழியே புகுந்து தொட்டிலையும் நனைத்த மாவையும் மண்ணாக்கும். நேற்றைய அம்மாவும் அதைச் சொன்னார். காயாத பச்சை மரத்தில் கட்டிய வீடுகள். மரம் காயக் காயச் சுருங்கி, கட்டைக்குக் கட்டை இடைவெளி விழும். பாசியும் கந்தலும் வைத்து அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொட்டகைக்கு வருகிறேன். இந்தப் பள்ளத்தாக்கின் முத்திரையே அதுதான். அகலம் 32 அடி, நீளம் 32 அடி, உயரமும் 32 அடி. கீழ்ப்பாகம் மூன்று பக்கம் அறுத்துத் தட்டையாக்கிய ஸ்ப்ரூஸ் கட்டைகள், மேல்பாகம் பலகை, அதற்கு மேல் இரண்டு மடிப்பாக இறங்கும் கூரை. ஒரு பண்ணையில் கேட்டு அனுமதி வாங்கி உள்ளே போனோம். கீழே மாடுகளுக்கான தடுப்புகள் இன்னும் இருக்கின்றன. ஒரு தடுப்புக் கட்டை கழுத்து உரசி உரசி வளைவாகத் தேய்ந்து, கை வைத்தால் வழவழப்பாக இருக்கிறது. ஏணி வழியாக மேலே போனால் வைக்கோல் பரண். கோயில் மண்டபத்துக்குள் நிற்பது மாதிரி உயரம். குளிர்காலம் முழுக்க மாட்டுக்குப் போட வேண்டிய தீவனம் இங்கே ஏறியாக வேண்டும்.

என் கணவர் பரணில் நின்றபடி மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். “இவ்ளோ தீவனம் வளர்க்க 40 ஏக்கர் எப்படிம்மா பத்தும்? அதுலயும் பாதி காடு.” அவர் கேட்டதுதான் முழுக் கதையின் முடிச்சு.

பத்தவில்லை. 40 ஏக்கரும் முதல் நாளிலேயே வயலாக இருக்கவில்லை. ஸ்ப்ரூஸும் பிர்ச்சும் அடர்ந்த காடு. மரத்தை வெட்டி, வேரைக் குதிரையும் டிராக்டரும் வைத்துப் பிடுங்கி, வயலோரத்தில் நீளமாகக் குவித்தார்கள். அந்தக் குவியல்கள் இன்றும் வயல்களுக்கு நடுவே மரம் முளைத்த மேடுகளாக நிற்கின்றன. வருடத்துக்குச் சில ஏக்கர் திருத்தினாலே பெரிய காரியம். அதற்குள் அரசுப் பண்டசாலையில் வாங்கிய மாவு, மண்ணெண்ணெய், பூட்ஸ், பசு எல்லாம் கடன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். உறைபனி இல்லாத நாள் வருடத்தில் நூறு சொச்சம். விளைந்த உருளைக்கிழங்கை வாங்கப் பக்கத்தில் இருந்த பெரிய ஊர் ஆங்கரேஜ்தான். 1940இல்கூட அதன் மக்கள்தொகை 4,000ஐத் தொடவில்லை.

1940க்குள் முதலில் வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் பள்ளத்தாக்கை விட்டுப் போய்விட்டன. இதை வைத்துத் திட்டமே தோல்வி என்பார்கள் சிலர். தங்கியவர்களை மட்டும் வீரர்களாக்கிச் சிலை வடிப்பார்கள் வேறு சிலர். கொட்டகைக்காரரோடு பேசியதிலிருந்து எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. தங்கியவர்கள் பிழைத்ததே போனவர்களின் நிலத்தை வாங்கிச் சேர்த்ததால்தான். பால் பண்ணை நடத்த 80, 120 ஏக்கர் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பினால்தான் அது கிடைக்கும். போனவர்கள் திருத்திவிட்டுப் போன வயலும் தோண்டிய கிணறும் கட்டிய கொட்டகையும் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தின. அவர்களும் இந்த ஊரைக் கட்டியவர்கள்தான். அவர்கள் பெயரும் பெயர்ப்பலகையில் தங்கியவர்களுக்குச் சமமாக வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது கைகொடுத்தது ராணுவம். 1940இல் ஆங்கரேஜ் பக்கம் ராணுவ முகாமும் விமானத் தளமும் கட்டத் தொடங்கினார்கள். ஆண்கள் தச்சு வேலைக்கும் லாரி ஓட்டவும் அங்கே போனார்கள். பால், முட்டை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் திடீரென்று வாங்க ஆள் வந்துவிட்டது. வாரம் முழுக்கக் கணவர் முகாமில் இருந்தால் பண்ணையில் பால் கறந்தது யார்? மனைவியும் பிள்ளைகளும்தான். விடியற்காலை கறவை, பள்ளிக்கூடம், சாயங்காலக் கறவை. கறந்த பால் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். 1936இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் ‘மட்டனுஸ்கா மெய்ட்’ பால் பிற்பாடு அலாஸ்கா முழுக்க வீட்டுப் பெயரானது. 2007இல் மூடிவிட்டார்கள். கொட்டகைக்காரர் அந்தப் பழைய பால்பெட்டி ஒன்றை இப்போது ஆணி போட்டு வைக்கப் பயன்படுத்துகிறார்.

மதியத்துக்கு மேல் கஸ்தூரி எருமைப் பண்ணை. அதுவும் பழைய குடியேற்றப் பண்ணைதான். அதே மாதிரிக் கொட்டகை. அலாஸ்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன விலங்கை 1930இல் கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்து மறுபடி பெருக்கியிருக்கிறார்கள். வசந்தத்தில் அதன் உள்மயிரைச் சீப்பால் வாரி எடுத்து நூலாக்குகிறார்கள். மயிர்க்கற்றையைத் தொட்டுப் பார்க்கத் தந்தார்கள். எடையே தெரியவில்லை.

ஞாயிறு: ஹாட்சர் கணவாய்

தங்கச் சுரங்கம் பார்த்தோம். இன்டிபென்டன்ஸ் சுரங்கம், 1941இல் உச்சத்தில் இருந்தபோது 204 பேர் வேலை செய்த இடம். மறுவருடமே போருக்கு அவசியமில்லாத தொழில் என்று தங்கம் எடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது அரசு. தொழிலாளர்களின் குடும்பங்களும் மேலேயே குடியிருந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட நடத்தியிருக்கிறார்கள். மேகம் இறங்கிவிட்டதால் அதிகம் நடக்க முடியவில்லை. புளூபெர்ரி மட்டும் கை நிறையப் பறித்துத் தின்றோம்.

திங்கள்: மாநிலச் சந்தை

அலாஸ்கா மாநிலச் சந்தை பால்மரில் 1936இல் குடியேறிகள் தொடங்கிய சந்தையின் தொடர்ச்சி. வந்து ஒரு வருடம் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசில்லை, கடன் வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்போதும் விளைந்ததை மேஜையில் பரப்பி எங்கள் மண்ணில் இது வரும் என்று காட்ட நினைத்திருக்கிறார்கள். அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

முட்டைக்கோஸ் கூடத்தில் கூட்டம் முண்டியது. 2012இல் இங்கே எடைபோட்ட ஒரு முட்டைக்கோஸ் 138.25 பவுண்டு, ஏறக்குறைய 63 கிலோ. அதுதான் உலக சாதனை. இந்த வருடக் காய்களும் சின்னப் பிள்ளை உள்ளே உட்காரலாம் என்கிற அளவில் இருந்தன. வெளி இலை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், நரம்பு என் கட்டைவிரல் தடிமன். ஜூனில் 19 மணி நேரத்துக்கு மேல் பகல் இருப்பதால் செடி ராத்திரி என்று ஓய்வெடுப்பதே இல்லை என்றார் காய்க்குப் பக்கத்தில் நின்ற விவசாயி. அவரும் குடியேற்றக் குடும்பம், மூன்றாம் தலைமுறை.

நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மட்டனுஸ்கா-சுசிட்னா வட்டாரத்தின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 1,00,000ஐத் தாண்டிவிட்டது. ஆங்கரேஜில் வேலை, இங்கே வீடு என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வயலை மனையாக்கி விற்றால் ஒரே தடவையில் வரும் பணம், உருளைக்கிழங்கு போட்டு ஆயுள் முழுக்க வராது.

“தாத்தா திருத்தின நிலத்துல எவ்வளவு மிச்சமிருக்கு?” என்று கேட்டேன்.

“முதல்ல வந்த 40 அப்படியே இருக்கு. அப்புறம் சேர்த்ததுல பாதி போயிடுச்சு. என் பொண்ணு கேரட் போடறா. இந்த 40ஐ மனைக்கு விக்கவே முடியாதபடி எழுதி வைக்கலாமான்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கோம்.” அப்படி எழுதி வைக்க இங்கே விளைநில அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. உரிமை குடும்பத்திடமே இருக்கும், வீட்டுமனையாக்கும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுத்துவிட வேண்டும். பத்திரம் போட்டுவிட்டால் அவர் பேரன் நினைத்தாலும் மாற்ற முடியாது. அதனால்தான் அவசரப்படவில்லை என்றார்.

அவர் மகளின் கடையில் கேரட் இரண்டு கட்டு வாங்கினோம். கழுவாமலே கடிக்கச் சொன்னாள் அந்தப் பெண். அவ்வளவு இனிப்புக் கேரட் நான் சாப்பிட்டதில்லை. இரவில் குளிர் விழ ஆரம்பித்ததும் காயில் சர்க்கரை ஏறுமாம்.

போக நினைப்பவர்களுக்கு: சந்தை ஆகஸ்ட் பின்பாதியில் தொடங்கி செப்டம்பர் முதல் திங்களோடு முடியும். குடியேற்ற வீட்டு அருங்காட்சியகம் கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எக்லூட்னாவையும் பால்மரையும் ஒரே பயணத்தில் பாருங்கள், எக்லூட்னாவை முதலில்.